மனையில் வளர்ந்த மௌவல்

சங்க இலக்கியப் பூக்களைப் பற்றிய ஆய்வுகள் பெரிதும் திணையை முன்வைத்தே அமைந்துள்ளன. எப்பூ எந்நிலத்திற்கு உரியது என்னும் வினா முதன்மை பெற்றமையால், வீட்டில் நட்டுப் பேணப்பட்ட பூக்கள் போதிய கவனம் பெறவில்லை. மௌவல் அத்தகையது. அகராதிகள் இச்சொல்லுக்குக் காட்டுமல்லிகை எனப் பொருள் தருகின்றன. பாடல்களோ அதனை மீண்டும் மீண்டும் மனையிலேயே காட்டுகின்றன. இம்முரணை விளங்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

குறுந்தொகையில் (19) தலைவியின் கூந்தல் மணத்திற்கு மனையிலுள்ள மரத்தில் படர்ந்த மௌவலைப் பரணர் ஒப்புரைக்கிறார். நற்றிணை (115) அது மனையில் நடப்பட்டது என்றே வெளிப்படக் கூறுகிறது. அகநானூற்றின் மூன்று பாடல்களில் (21, 23, 117) மௌவல் நொச்சியோடு சேர்ந்தே வருகிறது. மல்லிகையும் மௌவலும் ஒன்றே எனக் கொள்ளவும் இயலாது. பரிபாடல் (12) இரண்டனையும் அடுத்தடுத்துத் தனித்தனியே குறிக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலரும் முல்லை, தளவம், மௌவல், கொகுடி, பித்திகம் என வேறுபிரித்தே பெயர் சுட்டுகிறார். பருவமும் இதற்குத் துணைநிற்கிறது. நற்றிணையிலும் அகநானூற்றிலும் (23) மௌவல் மழைக்காலத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. இன்று நாம் குண்டுமல்லி என வழங்குவதோ வேனிலில்தான் மிகுதியாகப் பூக்கும்.

மௌவல் ஏன் நொச்சியோடு வருகிறது? இதனை வெறும் வருணனை எனக் கடந்துவிடுவதற்கில்லை. வயலைக் கொடியின் நிலையை உடன்வைத்து நோக்கினால் விடை தெளிவாகும். அகநானூற்றில் (275) மகள் நீர் வார்த்து வளர்த்த வயலைக்குப் பந்தர் இருந்தது. நற்றிணையில் (179) வீட்டு வயலையை ஈன்ற பசு மேய்ந்துவிட, தலைவி கையிலிருந்த பந்தை எறிந்துவிட்டு வருந்துகிறாள். வீட்டுக் கொடிக்கு முதற்பகை வீட்டுக் கால்நடையே. நொச்சியின் இலையை ஆடுமாடுகள் விரும்பி மேய்வதில்லை. இன்றும் சிற்றூர்களில் அதனை வேலியாக வைப்பதற்கு இது ஒரு காரணம். தரையோடு கிளைக்கும் புதர்ச்செடியாதலின் அதன்மீது கொடி எளிதில் பற்றி ஏறும். ஆகவே நொச்சி மௌவலுக்குக் கொழுகொம்பாகவும் காப்பாகவும் ஒருங்கே பயன்பட்டது எனக் கருத இடமுண்டு. பந்தர் போட வேண்டிய தேவையும் இல்லை. பாடல்கள் இவ்வாறு விளக்கவில்லை என்பது உண்மை. இரண்டையும் விடாது இணைத்துப் பாடியிருத்தலே இங்குச் சான்று.

வீட்டுப் பூச்செடியின் பராமரிப்பு எத்துணை நுட்பமான உழைப்பு என்பதைக் கருநாடகத்தின் உடுப்பி மாவட்டத்துச் சங்கரபுராப் பகுதியில் இன்றும் காணலாம். உடுப்பி மல்லிகை எனப் புவிசார் குறியீடு பெற்ற அப்பூவைப் பல குடும்பங்கள் வீட்டை ஒட்டிய சிறு நிலத்திலேயே வளர்க்கின்றன. உரிய காலத்தில் கவாத்துச் செய்து, சாணமும் பிண்ணாக்கும் இட்டு, நீர் தேங்காமல் காப்பர். காலையில் மொட்டாகவே பறித்து வாழைநாரில் தொடுப்பர். 800 பூக்கள் ஒரு செண்டு, 4 செண்டு ஓர் அட்டெ என்பது அங்குள்ள கணக்கு. இது விற்பனைக்கான பயிர், செடியும் வேறு. ஆதலின் இதனைக் கொண்டு சங்க கால மனையை அளந்துவிடக் கூடாது. எனினும் பூவை விரியுமுன் மொட்டாகக் காணும் கண் இரண்டிடத்தும் உண்டு. அகநானூறு (21) தலைவியின் பற்களுக்கு உவமையாக்குவது மலர்ந்த மௌவலை அன்று, அதன் வெண்மொட்டுகளின் ஒழுங்கையே.

நாள்தோறும் பார்க்கும் செடியே காலத்தை அளக்கவும் உதவும். பொருள் தேடிப் பிரியும் தலைவன், மனை நொச்சியைச் சூழ்ந்த மௌவலைக் காட்டி, அது மலரும் வரையே தன் பிரிவு என்று கூறிச் செல்கிறான் (அகம். 23). காட்டிலுள்ள ஒரு கொடியைக் காட்டி இவ்வாறு கூறியிருக்க முடியாது. அரும்பு கட்டுவதை அன்றாடம் அருகிருந்து காண்பவளுக்கே அது நாட்காட்டியாகும். உடன்போக்கில் மகளைப் பிரிந்த தாயின் கூற்றிலோ (அகம். 117) மௌவலோடு மலர்ந்த நொச்சியும் தோழியர் கூட்டமும் அவள் நினையாது விட்டுச் சென்றவையாக ஒருங்கு வைக்கப்படுகின்றன. உயிருள்ள ஆயத்தோடு ஒரு செடியை நிகராக நிறுத்தும் இவ்விடத்தை உரைகாரர் வழிநின்று படிக்கும் நாம் சற்று விரைந்தே கடந்துவிடுகிறோம்.

குறிஞ்சிப்பாட்டில் மௌவல் மலைச்சாரற் பூக்களோடு எண்ணப்படுதலின், அது காட்டிலும் இருந்தது என்பதில் ஐயமில்லை. எனவே காட்டுமல்லிகை என்னும் அகராதிப் பொருளை நீக்க வேண்டுவதில்லை. கார்காலத்தில் மலர்வது, மனையில் நொச்சிமீது படரவிட்டு வளர்க்கப்பெற்றது என்னும் விளக்கத்தை அதனோடு சேர்த்தல் வேண்டும்.