முகமூடியும் சந்தையும்: இலங்கைக் கைப்பணி பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலங்கைக்கு வரும் உல்லாசப் பயணிகள் நினைவுப்பொருளாக வாங்கிச் செல்வனவற்றுள் அம்பலாங்கொடை மர முகமூடி குறிப்பிடத்தக்கது. சடங்குக் களத்திலிருந்து கடைச் சுவருக்கு அது வந்துசேர்ந்த வழியை ஆராயுமிடத்து, கைப்பணியின் வரலாறு அதன் உற்பத்தி உறவுகளின் வரலாறே என்பது புலனாகும்.

கண்டி இராச்சியத்தில் தலைசிறந்த கைவினைஞர் 'பட்டல் ஹத்தர' எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளைச் சார்ந்திருந்தனர். சேவைக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. 1815இல் இராச்சியம் பிரித்தானியர் வசமானதும் அவ்வாதரவு அற்றுப்போயிற்று. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களில் சேவைமுறை எஞ்சியது. இச்சிதைவை விரிவாக ஆராய்ந்த முன்னோடி, 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி ஆவார். எனினும், நிலமானிய அமைப்பு கைவினைஞனுக்கு அளித்த பாதுகாப்பை வலியுறுத்திய அளவுக்கு, சாதியும் கட்டாய சேவையும் அவனைப் பிணித்திருந்தமையை அவர் வலியுறுத்தினாரல்லர்.

தென்கரையோரத்தில் வெளிநாட்டாருக்கான சந்தை முன்னரே தோன்றிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலித் துறைமுகத்தில் தரித்த நீராவிக் கப்பல்களின் பயணிகளுக்கு இரத்தினக் கற்கள், ஆமையோட்டுச் சீப்புகள், முள்ளம்பன்றி முள்ளாலான பெட்டிகள் ஆகியன விற்கப்பட்டன. ஆயின், அதே கரையோரத்தில் முகமூடி வேறொரு வாழ்வைக் கொண்டிருந்தது. 'சன்னி யகும' சடங்கிலே, நோய்க்குக் காரணமெனக் கருதப்பட்ட 18 சன்னிப் பேய்களை அது உருவகப்படுத்திற்று. பறையொலி, ஆட்டம், நோயாளி, சூழ்ந்திருக்கும் ஊரவர் ஆகிய யாவும் சேர்ந்தே அதற்குப் பொருள் தந்தன. அச்சடங்கை ஆற்றியோருட் பலர் சாதியடுக்கில் தாழ்த்தப்பட்டிருந்த பெரவா சமூகத்தினர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நவீன மருத்துவம் பரவச் சடங்கின் தேவை குறைந்தது. 1964இல் 'லக்சல' நிறுவப்பட்டது. 1966இல் உல்லாசப் பயணச் சபை தோன்றிற்று. 1977இன் திறந்த பொருளாதாரம் இப்போக்கை விரைவுபடுத்திற்று. அணிந்து ஆடுவதற்கன்றி, பயணப் பெட்டியில் அடங்குவதற்கு ஏற்ற அளவிலும் முகமூடி செதுக்கப்படலாயிற்று. பயன்மதிப்பைப் பரிவர்த்தனை மதிப்பு மேவியது. பயணியை அழைத்து வருவோருக்குக் கடைக்காரர் தரகு கொடுக்கும் வழக்கமும் விலையில் ஒரு பங்கை விழுங்குகின்றது.

இம்மாற்றத்தைக் கண்டு, இவை 'போலிகள்' எனச் சிலர் வருந்துவர். ஆனால், போலி, அசல் என்ற விவாதம் வாங்குபவனின் இரசனையையே மையமாகக் கொண்டது. செய்பவனின் வாழ்வை அது தொடுவதில்லை. சந்தை பல குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தது உண்மையே. சடங்குடன் ஒட்டியிருந்த சாதி இழிவிலிருந்து அது ஓரளவு விலகி நிற்கவும் இடமளித்தது. ஆயினும் 1983இன் வன்செயல்கள், 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகள், 2020இன் பெருந்தொற்று ஆகிய ஒவ்வொன்றும் பயணிகளின் வரவைக் குறைத்தபோது, அப்பிழைப்பு எத்துணை நொய்மையானது என்பது வெளிப்பட்டது. நிலமானியக் கைவினைஞனுக்கு நிலமிருந்தது, சுதந்திரமில்லை. இன்றையவனுக்குச் சட்டப்படி சுதந்திரமுண்டு. நிலமுமில்லை, தன் பொருளின் விலையைத் தீர்மானிக்கும் வலுவுமில்லை.

எனவே, பழமைக்கு மீள்வதும் சந்தையைப் போற்றுவதும் தீர்வாகா. மரமும் பட்டறையும் விற்பனையும் உற்பத்தியாளரின் கூட்டுறவுக் கட்டுப்பாட்டில் வருமா என்பதே கைப்பணியின் எதிர்காலம் பற்றி நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.