புள்ளி வைத்த ஸ்வரமும் ஜோப்ளின் போட்ட கோடும்

புனேயில் கீபோர்ட் வகுப்புக்குப் போகும் என் பெண் மூன்று வாரமாக ஒரே வரியில் நிற்கிறாள். ஒரு க்ரோட்செட், பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்து ஒரு க்வேவர். "ஒண்ணரைன்னா எப்படிப்பா எண்ணறது?" என்கிறாள்.

தொடையில் தாளம் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிளந்தால் இரண்டு தட்டில் நாலு பங்கு. மூன்று பங்கு நீட்டி, நாலாவதில் அடுத்த ஸ்வரம். நம் பாட்டுப் புத்தகத்தில் 'ஸ , , ரி' என்று போட்டிருந்தால் அம்மணி உடனே பாடியிருப்பாள். நம் காற்புள்ளி எங்கே வந்தாலும் ஒரே அளவு. இவர்கள் புள்ளியோ எந்த ஸ்வரத்தின் பக்கத்தில் நிற்கிறதோ, அதில் பாதி. அங்கேதான் குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள்.

ஏன் பாதி என்று தேடப் போனால் தேவாலயத்தில் போய் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மூன்றாகப் பிரியும் காலம்தான் 'முழுமை'. பரிசுத்த திரித்துவக் கணக்கு! இரண்டாகப் பிரிவது குறையுள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் சம இடம் கொடுத்தார்கள். இரண்டு பங்கு உள்ள ஸ்வரத்தை மூன்றாக்க வேண்டுமா? பக்கத்தில் ஒரு புள்ளி. இரண்டில் பாதி ஒன்று, கூட்டினால் மூன்று. இதே புள்ளியை ஸ்வரக் கூட்டங்களைப் பிரிக்கும் வேலியாகவும் வைத்தார்கள் என்பது தனிக் குழப்பம்.

புள்ளி புரிந்தாலும் சின்கோபேஷன் பாக்கி இருக்கிறது. தட்டில் விழவேண்டிய அழுத்தம் தட்டுக்கு நடுவில் விழுவது. நம் அரை இட எடுப்பு ஓரளவு பக்கத்தில் வரும்; ஆனால் அது பாட்டு தொடங்கும் இடம், இது வழி நெடுக.

இதைப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஸ்காட் ஜோப்ளின். அடிமையாக இருந்தவரின் மகன். 1899-ல் 'மேப்பிள் லீஃப் ராக்' வெளியிட்டவர். ராக்டைமை மட்டமான சங்கதி என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோது, 1908-ல் 'ஸ்கூல் ஆஃப் ராக்டைம்' என்று ஆறே பயிற்சிகளில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். குத்துமதிப்பாக வாசித்துக் கெடுக்காதீர்கள், எழுதிய நேரத்தை அப்படியே கொடுங்கள் என்பதுதான் அவர் கட்சி.

அதில் ஒரு உபாயம் வைத்திருக்கிறார். மேல் வரிசையில் தள்ளாட்டம் இல்லாத நேரான ஸ்வரங்கள். அவை வாசிக்க அல்ல, பார்க்க மட்டும். கீழே வாசிக்க வேண்டிய சின்கோபேஷன். கீழுள்ள ஒரு ஸ்வரம் மேலே எந்த இரண்டு ஸ்வரங்களின் நேரத்தை விழுங்குகிறது என்பதைச் செங்குத்தான புள்ளிக் கோடுகள் காட்டும். கூடவே, ராக்டைமை ஒருபோதும் வேகமாக வாசிக்காதே என்று கண்டிப்பு வேறு.

1917-ல் அவர் இறந்தார். புலிட்சர் சிறப்பு விருது வந்தது 1976-ல்.

நேற்று ராத்திரி அவள் புத்தகத்தில் அந்த வரிக்கு மேலே பென்சிலால் நாலு க்வேவர் எழுதி, கீழே கோடு இழுத்துக் கொடுத்தேன். "இத வாசிக்கக் கூடாது, சரியா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.