லைசாண்டர் ஸ்பூனர்

லைசாண்டர் ஸ்பூனர் (1808–1887) அமெரிக்கச் சட்ட அறிஞர், அடிமை ஒழிப்பாளர், அரசின் அஞ்சல் துறைக்கே போட்டியாக நிறுவனம் தொடங்கியவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆத்தால் ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்.

கல்லூரி முடித்தவர் மூன்றாண்டும் முடிக்காதவர் ஐந்தாண்டும் மூத்த வழக்கறிஞரிடம் பயின்ற பிறகே தொழில் செய்யலாம் என்பது அக்கால விதி. கல்லூரிக்குப் போகாத ஸ்பூனர் மூன்றாண்டிலேயே வூஸ்டரில் வழக்கறிஞராகப் பலகை மாட்டினார். ஏழையின் போட்டியிலிருந்து வசதியுள்ளவனைக் காக்கவா சட்டம் என்று வாதாடினார். 1836இல் அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்து ஒஹாயோவில் நிலம் வாங்கி, 1837ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் நொடித்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1844இல் தொடங்கிய 'அமெரிக்கன் லெட்டர் மெயில் கம்பெனி'. பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒற்றைத்தாள் கடிதம் அனுப்ப அரசு 18¾ சென்ட் வாங்கிய காலம் அது. ஸ்பூனர் சொந்தமாக அஞ்சல்தலை அச்சிட்டு, பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் நகரங்களுக்கிடையே ஐந்து சென்ட்டுக்குக் கடிதம் சேர்த்தார். அஞ்சலகம் நிறுவ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மற்றவர் நடத்துவதைத் தடுக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது என்று சிறுநூல் எழுதிக் கேட்டார். அரசு வழக்குகளால் பதில் சொன்னது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் 300 மைல் வரையிலான கட்டணத்தை ஐந்து சென்ட்டாகக் குறைத்தது. தனியார் அஞ்சலுக்கான தடையையும் இறுக்கியது. கம்பெனி மூடப்பட்டது. 1851இல் கட்டணம் மூன்று சென்ட்டாக இறங்கியது.

இதனால் அவரை மூன்று சென்ட் அஞ்சலின் தந்தை என்பார்கள். இது சற்று மிகை. ஹேல் கம்பெனி போன்ற தனியார் நிறுவனங்களும், 1840இல் இங்கிலாந்தில் வந்த ஒரு பென்னி அஞ்சலும் கட்டணத்தைக் குறைக்க அரசுக்கு அதே நெருக்கடியைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

அடிமைமுறை அரசியலமைப்புக்கே விரோதமானது என்று 1845இல் அவர் எழுதிய நூல், அரசியலமைப்பு அடிமைமுறையை ஆதரிக்கிறது என்ற தம் நிலைப்பாட்டை அடிமை ஒழிப்பாளர் பிரெடரிக் டக்ளஸ் மாற்றிக்கொள்ளத் துணைசெய்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் இன்னும் தீவிரமானார்: அரசியலமைப்பு ஓர் ஒப்பந்தம் என்றால், கையெழுத்திடாதவரை அது கட்டுப்படுத்தாது என்றார்.

தனிமனித உரிமையையும் தடையற்ற சந்தையையும் போற்றும் லிபர்டேரியன்கள், முக்கியமாகப் பொருளியலாளர் மர்ரே ராத்பார்டு, ஸ்பூனரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடினர். ஆனால் ஒருவர் இன்னொருவருக்குக் கூலிக்கு உழைப்பதையே ஸ்பூனர் விரும்பவில்லை. மலிவான கடன் கிடைத்து ஒவ்வொருவரும் தமக்குத் தாமே முதலாளியாக வேண்டும் என்றார். வங்கிகளுக்குச் சட்டம் தந்த சலுகைகளைச் சாடினார். அஞ்சல் கம்பெனியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைத் தாண்டிப்போகிறவர்கள் பாதி ஸ்பூனரைத்தான் படித்திருக்கிறார்கள்.