பூவின் நிறம் யாருக்காக?

1793இல் பெர்லினில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர், ஸ்பாண்டாவில் பள்ளித் தலைமையாசிரியராயிருந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஷ்பிரெங்கல். பூவின் நிறம் பூச்சிகளைத் தொலைவிலிருந்து அழைக்கிறது, இதழிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் தேன் இருக்குமிடத்தைக் காட்டுகின்றன என்று அதில் அவர் வாதிட்டார். அவர் காலத்து அறிஞருலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1841இல் டார்வின் படித்துப் போற்றிய பின்னரே அந்நூல் உரிய கவனம் பெற்றது.

ஆனால் தேனீக்கு நிறம் தெரிந்தால்தான் இவ்விளக்கம் நிலைக்கும். மியூனிக்கின் புகழ்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர் கார்ல் ஃபொன் ஹெஸ், 1910களின் தொடக்கத்தில் அந்த அடிப்படையையே மறுத்தார். இருண்ட இடத்தில் நிறமாலையைக் காட்டியபோது தேனீக்கள், நிறமறியா மனிதருக்கு மிகுந்த வெளிச்சமாகத் தோன்றும் பகுதியையே நாடின. ஆகவே அவை முற்றிலும் நிறக்குருடானவை என்றார்.

அவரை எதிர்த்த கார்ல் ஃபொன் ஃபிரிஷ் அப்போது இருபதுகளில் இருந்தார். பல அடர்த்திகளிலான சாம்பல் நிற அட்டைகளுக்கிடையே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மீது மட்டும் சர்க்கரைக் கரைசலை அளித்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர் அட்டைகளை இடம் மாற்றி, வெற்றுக் கிண்ணங்களையே வைத்தார். நிறக்குருடாயின், ஏதேனும் ஒரு சாம்பல் அட்டையை அவை நீலமென மயங்கியிருக்க வேண்டும். அவையோ நீலத்தையே நாடி வந்தன. சிவப்பை மட்டும் கருப்பிலிருந்து பிரித்தறியவில்லை. 1914இல் இம்முடிவுகள் வெளியாயின.

ஹெஸ் கண்டது பொய்யன்று. அடைபட்ட தேனீ தப்பிக்க வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். அந்நிலையில் அது நிறத்தைப் பொருட்படுத்துவதில்லை. உணவு தேடும் தேனீயே நிறத்தைக் கவனிக்கும். அவர் கேள்வியைத் தவறான சூழலில் கேட்டார்.

1920களில் ஆல்ஃபிரட் கூன், தேனீக்கள் புற ஊதா ஒளியையும் நிறமாகக் காண்பதை நிறுவினார். 2009இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பெவர்லி குளோவர் குழுவினர் மினுக்கத்தை ஆராய்ந்தனர். செம்பருத்திப் பேரினத்தைச் சேர்ந்த ஹிபிஸ்கஸ் டிரையோனம் பூவின் இதழடியில், குறுந்தகட்டின் வரிகளைப் போன்ற நுண்வரிகள் உள்ளன. பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறும் அம்மினுக்கத்தை, நிறமியின் துணையின்றியே பம்பிள்பீ வகைத் தேனீக்கள் அடையாளங்கண்டன. இத்தகைய வரிகளின் ஒழுங்கின்மை நீல ஒளிவட்டத்தைத் தோற்றுவித்து, அத்தேனீக்கள் பூவை விரைவில் கண்டடைய உதவுவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளிர்நிறப் பூக்களில் மனிதக் கண் அவ்வொளியை எளிதில் காண்பதில்லை.

பூவின் நிறத்தை மனிதக் கண்ணால் அளந்தவரை அதன் பயன் விளங்கவில்லை. தேனீ எதைக் காண்கிறது என்பதைத் தேனீயிடமே கேட்கலாம் என்று காட்டியவை அந்தச் சாம்பல் அட்டைகள்.