கிடை பெயரும் குடும்பங்கள்

அறுவடை முடிந்த மதுரைச் சமவெளி வயல்களில் ஆடுமாடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவது பழைய வழக்கம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் மேய்ச்சல் தேடிப் புறப்பட்டால், ஆடுகளோடு குடும்பமும் நாயும் தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்ந்தே பெயரும். மந்தையோடு நடக்க முடியாத இளங்குட்டிகளைப் பெரிய கூடைகளால் கவிழ்த்து மூடிவைப்பார்கள். மாலையில் தாயாடு திரும்பியதும் திறந்துவிடுவார்கள். இரவில் விழும் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்குக் கூலி முன்பு பெரும்பாலும் நெல், பிறகு பணம்.

மாட்டுக்கிடைக்குப் பேர்போனது புலிக்குளம் இனம். ஜல்லிக்கட்டுக் காளையாகவே அதை ஊர் அறியும். ஆனால் அந்த இனத்தைக் காத்துவந்தது கிடைதான். அந்தக் கிடைக்கு நெருக்கடிகள் வந்தன: 1960-களுக்குப் பின் ரசாயன உரம் பரவியது, தரிசும் புறம்போக்கும் சுருங்கின. 2022-ல் வனமேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு மலையடிவார மேய்ச்சலையும் குறுக்கியது.