தாத்தாவின் எழுத்துப் பிழை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டபோது, பொறியாளனுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றியது. பிறகு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது.

ஹாஸ்டலில் இருந்தபோது தாத்தா மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுவார். அதில் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருக்கும். 'றா', 'னா'வில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடேயே சுழித்துக்கொள்ளும். "பாவம், தாத்தாவுக்கு சரியா எழுத வராதுடா" என்று ரூமில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் கல்லூரி நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டினால், அதே துதிக்கை அச்சிலேயே இருக்கிறது!

விஷயம் இதுதான். குழந்தைகள் எளிதாகப் படிக்கவும், அச்சுக் கோப்பவருக்கு எழுத்துகள் குறையவும் பெரியார் 1935-ல் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். 43 ஆண்டுகள் கழித்து, 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. 'ஐ'யை 'அய்' என எழுதும் யோசனையை ஆணை ஏற்கவில்லை. அதனால் ஒருவர் 'அய்யா' என்று எழுதினால் இன்றைக்கும் அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறோம். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான்!

தாத்தாவின் எழுத்தும் ஆதியிலிருந்தே அப்படியே இருந்ததல்ல. அக்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இராது. குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். இன்றைய 'ஏ', 'ஓ' வேறுபாட்டை 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் என்பார்கள்.

ஒன்றாம் வகுப்பில் எதை எழுதிப் பழகினோமோ அதுவே நமக்குத் தமிழ். மற்றதெல்லாம் பிழையாகப் படுகிறது. அக்கா பையன் செல்போனில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது நானும் முகம் சுளிக்கிறேன். உடனே தாத்தா ஞாபகம் வந்துவிடும். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. கடிதங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கடிதங்கள் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.