ஏலமலையில் அறுவடை விதிகளும் வளக் காப்பும்: போடிநாயக்கனூர் மலைச்சரிவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வணிக நோக்கில் எடுக்கப்படும் இயற்கை வளத்தை விதிகளால் காத்தல் என்பது கடல்வளத்துக்கும் மலைவளத்துக்கும் பொதுவான சிக்கலாகும். திருவிதாங்கூர் அரசின் ஏலத் தனியுரிமை, 1897ஆம் ஆண்டின் காப்புக்காட்டு அறிவிப்பு, 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டம் ஆகியவற்றின் வழியே ஏலமலையில் ‘வளம்’ என எது கருதப்பட்டது என்பதையும், அக்கருத்து மாறிவந்தபோது ஏலத்திற்கு அடிப்படையான நிழற்காடு விதிகளின் பார்வையிலிருந்து எவ்வாறு விலகிச் சென்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஏலமலை, போடிநாயக்கனூர், திருவிதாங்கூர், தனியுரிமை, காப்புக்காடு, நிழல்மரம், அறுவடை விதிகள்.

முன்னுரை

கடல் நண்டுப் பிடிப்பை ஒழுங்குபடுத்தும் விதிகள் உலகின் பல பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்துள்ளன. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த நண்டைப் பிடிக்கலாகாது. சினை நண்டு வலையில் அகப்பட்டால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் தொழிலுக்குச் செல்லலாகாது. தமிழ்நாட்டின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 45 நாள்களாக இருந்த தடைக்காலம் 2017இல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. இவ்விதிகளிலெல்லாம் பிடிக்கப்படும் பொருளும் காக்கப்படும் பொருளும் ஒன்றே. குஞ்சையும் தாயையும் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு நண்டு இருக்கும் என்பதே அவற்றின் தருக்கம்.

மலைச்சரிவில் விளையும் ஏலத்திற்கு இத்தருக்கம் பொருந்துவதில்லை. ஏலச்செடியில் காயைப் பறிப்பதால் செடி அழிவதில்லை. முற்றாத காயைப் பறித்தால் விலை குறையுமேயன்றி வளம் குன்றுவதில்லை. குன்றக்கூடியது வேறொன்று. செடிக்கு மேலே நிற்கும் பெருமரங்களும், அவை உதிர்க்கும் இலைமக்கும், அவற்றால் தங்கும் ஈரமும், பூக்களை நாடி வரும் தேனீக்களுமே ஏலத்தின் முதல். அறுவடையாகும் பொருள் ஒன்றாகவும் காக்கப்பட வேண்டிய பொருள் மற்றொன்றாகவும் இருக்கும்போது, விதிகள் எதன்மீது எழுதப்பட்டன என்பது வரலாற்றுக் கேள்வியாகிறது. ஏலமலையின் கிழக்கு வாயிலாகிய போடிநாயக்கனூரிலிருந்து நோக்கும்போது அக்கேள்விக்கான விடை தெளிவுபடுகிறது.

தனியுரிமைக் காலம்

போடிநாயக்கனூர் மழைமறைவுப் பகுதியில் அமைந்த ஊர். கொட்டகுடி ஆறு அதன் மேற்கு மலைகளில் தோன்றித் தேனிப் பகுதியில் வைகையோடு சேர்கிறது. மலைமுகட்டிற்கு இப்பால் இலவமும் மாவும் காப்பியும் விளைய, அப்பால் தென்மேற்குப் பருவமழை பெய்யும் காடுகளில் ஏலம் விளைந்தது. முகட்டிற்கு அப்பால் திருவிதாங்கூர், இப்பால் பிரித்தானியரின் மதுரை மாவட்டம் என 19ஆம் நூற்றாண்டில் ஆட்சி பிரிந்திருந்தது. ஆயினும் அக்காடுகளில் ஏலம் பயிரிட்டோரில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பகுதியிலிருந்தும் மலையேறிய தமிழர்களே. நிலமும் உரிமையும் ஓர் அரசிடம், உழைப்பும் முதலும் மற்றோர் அரசின் குடிகளிடம் என்ற இந்த அமைப்பைக் கருதாமல் ஏலமலையின் எந்த விதியையும் விளங்கிக்கொள்ள இயலாது.

ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. பயிரிட்டவர் விளைச்சல் முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அதன் மதிப்பில் ஒரு பங்கு அவருக்குப் பணமாக வழங்கப்பட்டது. அரசு அதனை ஆலப்புழைக்குக் கொண்டு சென்று விற்றது. இன்றும் ஏலக்காயின் தரப்பெயர்களில் ‘ஆலப்பி’ என்னும் சொல் நிலைத்திருப்பது அந்த வணிகத்தின் எச்சமாகும். திவான் தி. மாதவராவ் காலத்தில், 1860இல், மிளகுத் தனியுரிமை நீக்கப்பட்ட பின்னரும் ஏலத்தின்மீதான தனியுரிமை ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. மிளகு வீட்டுத் தோட்டங்களில் பரவலாக விளைந்தது. ஏலமோ குறிப்பிட்ட மலைத்தொடரில், குறிப்பிட்ட கணவாய்கள் வழியாக மட்டுமே வெளியேறக்கூடிய பொருள். காவலுக்கு எளிதான பொருளின்மீது தனியுரிமை நீடித்தது வியப்பன்று.

எனினும் அக்காவல் முழுமையாக இருந்திருக்க முடியாது. அரசு தரும் பங்குக்கும் சந்தை விலைக்கும் இடைப்பட்ட வேறுபாடே கடத்தலுக்குத் தூண்டுகோல். ஆலப்புழைக்குச் செல்லும் வழி நெடியது. போடிக்கும் தேவாரத்திற்கும் கம்பத்திற்கும் இறங்கும் வழியோ ஒருநாள் நடை. இன்று ஏலக்காய் வணிகத்தின் தலைவாயிலாகப் பெருமை பேசப்படும் போடி, தனியுரிமைக் காலத்துத் திருவிதாங்கூர் அதிகாரிகளின் பார்வையில் கண்காணிக்க வேண்டிய திசையாகவே இருந்திருக்கும்.

ஏலமலைக்கெனக் கண்காணிப்பாளரும் நீதிபதியுமாகிய ஒருவரைத் திருவிதாங்கூர் அரசு அமர்த்தியது. அப்பதவி வகித்த ஜான் டேனியல் மன்றோ, 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றவர் என்ற வகையிலேயே பெரிதும் அறியப்படுகிறார். ஏலக்காட்டைக் காக்க வந்த அதிகாரியே அதன் வடக்கே காடழித்துத் தோட்டம் அமைக்கும் முயற்சியைத் தொடங்கி வைத்தார். இம்முரண் தற்செயலானதன்று. காப்பி, சிங்கோனா, தேயிலை ஆகியவற்றுக்குக் காடு நீக்கப்பட வேண்டிய தடையாக இருந்தது. ஏலத்திற்குக் காடு தேவையாக இருந்தது. அடிக்காட்டை மட்டும் செதுக்கி, பெருமரங்களை நிழலுக்காக விட்டு வைப்பதே அக்காலப் பயிரிடு முறை. எனவே தனியுரிமை அரசு காடுகாப்பை நோக்கமாகக் கொள்ளாதபோதும், ஏலக்காய் வருவாயை நோக்கியதால் காடும் உடன் காக்கப்பட்டது. இக்காலத்தைச் சூழல் அறிவின் பொற்காலமாகச் சித்திரிப்பது மிகை. அரசின் கருவூலக் கணக்கும் காட்டின் நலனும் சிறிது காலம் ஒரே திசையில் சென்றன என்று கூறுவதே பொருத்தம்.

காயிலிருந்து நிலத்திற்கு

1890களின் நடுப்பகுதியில் தனியுரிமை கைவிடப்பட்டு, ஏல நிலத்தின்மீது வரி விதிக்கப்பட்டது. பயிரிட்டவர் தம் காயைத் தாமே விற்கும் உரிமை பெற்றார். போடிக்கு இறங்கிய சரக்கு கடத்தற் பொருள் என்ற நிலையிலிருந்து வணிகப் பொருளாயிற்று. உழவர் நோக்கில் இது விடுதலையே. ஆனால் வளக் காப்பின் நோக்கில் ஒரு நுண்ணிய மாற்றம் நிகழ்ந்தது. காயின் அளவோடு அரசுக்கு இருந்த நேரடித் தொடர்பு அற்றுப்போய், ஏக்கர்க் கணக்கோடு தொடர்பு ஏற்பட்டது. நிழல் குறைந்து விளைச்சல் வீழ்ந்தாலும் ஏக்கர் குறைவதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் மரத்தின்மீது தனி விதி வந்தது. கொல்லம் ஆண்டு 1068இல், அதாவது 1893இல், திருவிதாங்கூர்க் காட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1897 ஆகஸ்டு 24ஆம் நாள் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. இவ்விரு மாற்றங்களும் சேர்ந்து, பின்னர் ‘இரட்டைக் கட்டுப்பாடு’ எனப் பெயர்பெற்ற ஏற்பாட்டிற்கு வழிவகுத்தன. மண் வருவாய்த் துறைக்கும் மரம் வனத்துறைக்கும் உரியவையாயின. ஏலம் பயிரிட்டவர் மண்ணின் குத்தகையாளரானார். தம் செடிக்கு நிழல் தரும் மரத்தில் அவருக்கு உரிமையில்லை. தனியுரிமைக் காலத்தில் காய், மரம், நிலம் ஆகிய மூன்றும் ஒரே அதிகாரியின் பார்வையில் இருந்தன. 1897க்குப் பின் அவை பிரிந்தன. தனக்கு உரிமையில்லாத மரத்தைப் பேணுவதில் குத்தகையாளருக்கு என்ன நாட்டம் இருக்கும் என்ற வினா எழுப்பப்படவில்லை. காட்டுச் சட்டத்தின் கண்ணுக்குத் தேக்கும் ஈட்டியும் சந்தனமும் மரங்கள். ஏலத்திற்கு நிழல் தரும் பெயரறியாக் காட்டு மரங்களோ அரச மரப்பட்டியலுக்கு வெளியே நின்றவை.

1935ஆம் ஆண்டின் ஏல விதிகளும், கேரள மாநிலம் அமைந்த பின் வந்த 1961ஆம் ஆண்டின் குத்தகை விதிகளும், நிலம் ஏலப் பயிருக்கே பயன்பட வேண்டும் என்ற அடிப்படையிலேயே அமைந்தன. எழுத்தளவில் இது வலுவான காப்பு. ஏலம் இருக்க வேண்டுமெனில் நிழல் இருந்தாக வேண்டும் என்ற இயற்கை விதியையே இச்சட்ட விதிகள் சொல்லாமல் நம்பியிருந்தன.

உணவும் எல்லையும்

அந்நம்பிக்கையை முதலில் உலுக்கியது போர்க்கால உணவுப் பஞ்சம். 1940களில் உணவு உற்பத்தியைப் பெருக்க உயர்மலைக் காடுகள் திறந்துவிடப்பட்டன. 1955இல் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் குடியேற்றத் திட்டம் அப்போக்கை நிலைப்படுத்தியது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டமும் இதே காலத்ததே. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது அவ்வட்டங்கள் கேரளத்தில் நின்றன. மொழி அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்ட இந்நிகழ்வின் சூழல் விளைவு குறைவாகவே பேசப்பட்டுள்ளது. ஏலக்காட்டைப் பயிரிட்டு, பறித்து, விற்ற சமூகத்தின் பெரும்பகுதி, அக்காட்டின் விதிகளை எழுதும் சட்டமன்றத்திற்கு வாக்களிக்காத சமூகமாயிற்று. போடியின் குரல் அதன்பின் ஏலமலையில் வணிகரின் குரலாகவும் கூலியாளரின் குரலாகவும் மட்டுமே ஒலித்தது.

சல்லடையின் அளவு

1965இல் நடுவணரசு ஏலக்காய்ச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987இல் அது நறுமணப்பொருள் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. தோட்ட உரிமையாளர் பதிவு, வணிகர் உரிமம், ஏலதாரர் உரிமம், தரப்பிரிப்பு எனச் சரக்கு செல்லும் வழி முழுவதும் விதிகளால் நிறைந்தது. ஏலக்காய் ஏலத்தில் விற்கப்படுவது தமிழில் கேட்போருக்குச் சொல்விளையாட்டாகத் தோன்றும். பயிரின் பெயர் பழையது. விற்பனை முறையின் பெயர் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. இன்று போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் அவ்விற்பனை மின்னணு முறையில் நடைபெறுகிறது.

நண்டு விதியோடு ஒப்புநோக்கத் தக்க இடம் இதுவே. ஏலக்காய்க்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ எனும் தரத்திற்குக் காயின் விட்டம் 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். போடியின் கிடங்குகளில் சல்லடை இட்டுக் காயைப் பிரிப்பதும் கழிவைப் பொறுக்குவதும் பெருமளவு பெண்களின் தொழில். ஆனால் நண்டின் அளவு எதைப் பிடிக்கலாகாது என்று சொல்கிறது. சல்லடையின் அளவு எதற்கு எவ்வளவு விலை என்று மட்டுமே சொல்கிறது. நண்டு விதிக்கு இணையான ஒன்று உண்டெனில் அது தோட்டத்தில் எழுதப்படாமல் வழங்குகிறது. பூத்துக் காய்த்து முற்ற நான்கு மாதத்திற்கு மேலாகும் செடியில், ஒரே கொத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒருங்கே இருக்கும். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் தொழிலாளப் பெண்கள் முற்றியதை மட்டும் எடுத்துப் பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விடுகின்றனர். ஏறத்தாழ 40 நாளுக்கு ஒருமுறை வரும் அச்சுற்றுகளின் ஒழுங்கு, சட்டப் புத்தகங்கள் அனைத்தையும்விட நெடிய வரலாறு உடையதாகலாம்.

சந்தையை நோக்கிய விதிகளுக்குக் காரணமும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கௌதமாலாவிற்குக் கொண்டு செல்லப்பட்ட ஏலம், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அந்நாட்டை உலகின் முதன்மை ஏற்றுமதியாளராக்கியது. போட்டியை எதிர்கொள்ள இந்தியத் தோட்டங்கள் விளைச்சலைப் பெருக்க முனைந்தன. இடுக்கி உழவர் ஒருவரின் தேர்விலிருந்து பரவிய ‘ஞள்ளானி’ வகை 1990களில் ஏலமலையின் முகத்தையே மாற்றியது. பழைய வகைகளைவிடப் பன்மடங்கு காய்க்கும் இவ்வகை, அடர்ந்த நிழலை விரும்புவதில்லை. மிகுந்த உரத்தையும் பூச்சிமருந்தையும் வேண்டுவது. நிழல் இல்லையேல் ஏலம் இல்லை என்று 1897 முதல் எல்லா விதிகளும் நம்பியிருந்த பிணைப்பு இவ்வாறு தளர்ந்தது. விதி மாறவில்லை, செடி மாறிவிட்டது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரை விலைபோனபோது, மரத்தின் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவதன் ஊதியம் எவருக்கும் விளங்கத்தக்கதாயிற்று.

ஓர் இலக்கத்தின் வழக்கு

கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12இல் ‘காடு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என ஆணையிட்டதன் தொடர்ச்சியாக, 2002 முதல் ஏலமலையும் அந்நீதிமன்றத்தின் முன் நிற்கிறது. 1897ஆம் ஆண்டு அறிவிப்பு குறிப்பது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது வழக்கின் மையங்களுள் ஒன்று. கேரள அரசு முதல் எண்ணையும் சூழல் ஆர்வலர்கள் இரண்டாம் எண்ணையும் வலியுறுத்துகின்றனர். முன்னால் ‘2’ என்னும் ஓர் இலக்கம் உண்டா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கரின் தகுதிநிலை தங்கியுள்ளது. அவ்வறிவிப்பின் சொற்களையும் எல்லை விவரிப்பையும் மூலப்படி ஒப்பீட்டு முறையில் ஆராய்வது வரலாற்றுத் துறையின் கடமை. வழக்கறிஞர்களிடம் மட்டும் விடத்தக்க பணியன்று அது. குடியேறி மூன்று தலைமுறையாக வாழும் சிறு உழவர்கள் இரண்டாம் எண்ணை அஞ்சுவதும் இயல்பே.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாணை இனி வழங்கப்படவிருந்த நிலத்தைப் பற்றியது. ஏற்கெனவே குத்தகையிலும் பட்டாவிலும் உள்ள தோட்டங்களில், ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் நிழல்மரத்தின் கிளைகள் எந்த அளவு கழிக்கப்படுகின்றன என்பது அதன் வரம்புக்குள் வரவில்லை.